குளியலறை: இல்லை

நாற்பத்தொரு வயதில் சமூகப்பணி படிக்கப் போனேன்.
முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும்
இரண்டு பேர் எழுந்து நின்றார்கள்.
உட்காருங்கள் பிள்ளைகளா,
நானும் கடைசி பெஞ்சுதான்.

வூச் நகரத்தின் நெடுஞ்சாலை முனையில்
ராத்திரி முழுக்க பெட்ரோல் பங்கில் கல்லா.
விடிந்தால், கண்ணில் மணலோடு, மானுடவியல்:
முக்கோணம் ஆண். வட்டம் பெண்.
குறுக்கே கோடு விழுந்தால் செத்தாயிற்று.
ஓடிப்போன அப்பாவுக்கு என்ன குறி என்று கேட்டேன்.
முனைவர் கிங்கா கொஞ்சம் யோசித்து
'புத்தகத்தில் இல்லை' என்றார்.
நேர்மையான மனுஷி.

மூன்றாம் பருவத்தில் பழைய கோப்புகள் வந்தன.
தொண்ணூற்று மூன்றில், நூற்பாலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டியபோது
பணியாளர்கள் படியேறிப் படியேறி எழுதிய அறிக்கைகள்.
பெயர்களைக் கறுப்பு மை தின்றிருந்தது.
ஒரு கோப்புக்கு இரண்டு பேர்,
ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் எண் போட வேண்டும்:
வறுமைக்கு இரண்டு, குடிக்கு மூன்று, புறக்கணிப்புக்கு நான்கு.
தகவல் தனக்குத்தானே முரண்பட்டால் ஒன்பது.
ஒன்பது விழுந்த கோப்பு கழிந்த கோப்பு.
எனக்கு ஜோடி கயெத்தான்.
இருபது வயது, காதில் பென்சில்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது கோப்பு:

'நான்காம் மாடி, முற்றத்துப் பக்கம்.
ஒன்பது வயதுச் சிறுமி கதவைத் திறக்காமல் பேசினாள்.
தாய் குளித்துக்கொண்டிருந்ததால் சந்திக்க இயலவில்லை.'

தாளைத் திருப்பினால் வீட்டு வசதிப் படிவம்.
அதே சாய்ந்த எழுத்து, அதே நீல மை.
தண்ணீர்க் குழாய்: மாடிப்படியில், பொது.
கழிப்பறை: முற்றத்தில்.
குளியலறை: இல்லை.

அந்தக் கதவை எனக்குத் தெரியும்.
உள்பக்கத்திலிருந்து தெரியும்.
சாவித்துளை வழியாக வரும் குளிர் எந்தக் கன்னத்தில் படும்,
நாற்காலியில் ஏறி நின்றால் எந்தக் கால் ஆடும்.
அம்மா பெர்லின் சந்தைக்கு சிகரெட் விற்கப் போய்
அன்றோடு மூன்று நாள்.
நான் ரொட்டியில் சர்க்கரை தூவித் தின்றுகொண்டு
கோட்டோடு தூங்கிக்கொண்டிருந்தேன்.
'அம்மா குளிக்கிறாங்க.'

வெளியே சத்தமே இல்லை.
குடையோ பையோ, எதையோ கை மாற்றுகிற ஓசை மட்டும்.
பிறகு ஒரு பெண் குரல்:
'நிதானமா குளிக்கட்டும். செவ்வாய்க்கிழமை வர்றேன்.'

திங்கள் ராத்திரி அம்மா வந்துவிட்டாள்.

முப்பத்திரண்டு வருஷம்
ஒரு பெரிய மனுஷியை ஏமாற்றிய பெருமையோடு இருந்திருக்கிறேன்.
கல்யாணத்தில் ஒரு தடவை, விவாகரத்தில் ஒரு தடவை
நினைத்துச் சிரித்துமிருக்கிறேன்.
அவளோ
என் பொய்யை அரசாங்கத் தாளில்
அவள் கையாலேயே உண்மையாக எழுதிவிட்டு
மறுபக்கத்தில் உண்மையையும் எழுதி வைத்திருக்கிறாள்.

அவள் செய்தது தவறு.
ஒன்பது வயதுக் குழந்தை, தனியாக, ஜனவரியில்.
போன பருவத் தேர்வில் இதே மாதிரி ஒரு கேள்வி,
'உடனே தலையிட வேண்டும்' என்று நான்கு பக்கம் எழுதி
இருபதுக்குப் பதினெட்டு வாங்கியவள் நான்.
இப்போதும் அதையேதான் எழுதுவேன்.
எழுதுவேனா?

'தன் படிவத்தைத் தானே படிக்காத அதிகாரி' என்று
கயெத்தான் சிரித்தான்.
பார்க்கக் கூடாது என்பது விதி, பார்த்துவிட்டேன்:
ஒன்பது.
நான் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அடுத்த வாரம் பலகையில் எழுதினார்கள்:
ஒத்த குறியீடுகள் தொண்ணூற்றேழு சதவீதம்.
மிச்சம் எங்கே போயிற்று என்று யாரோ கேட்டார்கள்.
'களைப்பு, கவனக்குறைவு, எப்போதும் இருப்பதுதான்' என்ற கிங்கா
என் கையைப் பார்த்தார்.
அது எப்போது மேலே போயிற்று என்று எனக்குத் தெரியாது.

'சொல்லுங்க, போகுமிவா.'

எழுந்து நின்றேன்.
நாற்காலியின் ஒரு கால் ஆடியது.